ஸ்டாக்ஸும் அட்லாண்டிக்கும் 1968இல் பிரிந்ததற்கு யார் பொறுப்பு?

பழையதட்டு எழுதியது:

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனமும் நியூயார்க்கின் அட்லாண்டிக் நிறுவனமும் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் சேர்ந்து தொழில் செய்துவிட்டு 1968 மே மாதத்தில் பிரிந்தன. இக்களத்தில் அமெரிக்கக் கறுப்பரின் ஸோல் இசையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "பெரிய கம்பெனி சின்னக் கம்பெனியை ஏமாற்றிவிட்டது" என்று ஒரே வரியில் இந்த விவகாரத்தை முடித்துவிடுகிறோம். நடந்தது அவ்வளவு எளிமையானதல்ல என்பதால் தனி இழையாகவே தொடங்குகிறேன்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜிம் ஸ்டூவர்ட் பகலில் வங்கி ஊழியர், மாலையில் நாட்டுப்புற இசைக்குழுவில் பிடில் வாசித்தவர். 1957இல் அவர் சாட்டிலைட் என்ற பெயரில் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன் தம் வீட்டை அடமானம் வைத்து, ஆம்பெக்ஸ் ஒலிப்பதிவுக் கருவி வாங்கப் பணம் கொடுத்தார். 1960இல் கிழக்கு மெக்லிமோர் தெருவில் மூடிக் கிடந்த கேப்பிட்டல் திரையரங்கை வாடகைக்கு எடுத்து அதையே ஸ்டுடியோவாக மாற்றினார்கள். அரங்கின் சாய்வான தரையை அப்படியே விட்டுவிட்டார்கள். தின்பண்டம் விற்ற முகப்பில் எஸ்டெல் இசைத்தட்டுக் கடை வைத்தார். கலிஃபோர்னியாவில் ஏற்கெனவே வேறொரு சாட்டிலைட் நிறுவனம் இருந்ததால், 1961இல் இருவர் பெயர்களின் முதலெழுத்துகளையும் சேர்த்து ஸ்டாக்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள்.

1960இல் ரூஃபஸ் தாமஸும் அவருடைய மகள் கார்லாவும் சேர்ந்து பாடிய ஒரு தட்டு மெம்ஃபிஸ் வட்டாரத்தில் நன்றாக விற்றது. அதைக் கேள்விப்பட்ட அட்லாண்டிக்கின் இணை உரிமையாளர் ஜெர்ரி வெக்ஸ்லர், நாடு முழுவதும் விநியோகிக்கும் உரிமைக்காக 1,000 டாலர் கொடுத்தார். அந்த ஒரு தட்டுக்குத்தான் பணம் என்று ஸ்டூவர்ட் நினைத்திருந்தார். கார்லா தனியாகப் பாடிய அடுத்த தட்டு விற்கத் தொடங்கியபோது, அதுவும் எங்களுடைய உரிமைக்குள் அடங்கும் என்று வெக்ஸ்லர் சொன்னார். அந்தத் தட்டு அட்லாண்டிக்கின் பெயரிலேயே நாடெங்கும் போனது. இத்தனைக்கும் பிறகு, 1965 வரை இரண்டு நிறுவனங்களுக்கும் இடையில் முறையான எழுத்து ஒப்பந்தம் கிடையாது. வாய்ச்சொல்லும் கைகுலுக்கலும்தான்.

1965இல் எழுத்து ஒப்பந்தம் கையெழுத்தானது. 1967இன் பிற்பகுதியில் அட்லாண்டிக் நிறுவனம் வார்னர் பிரதர்ஸ் - செவன் ஆர்ட்ஸுக்கு 1.75 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. புதிய முதலாளிகளோடு பேசிப் பார்த்த ஸ்டூவர்ட், கொடுப்பதாகச் சொன்ன தொகை தம்மை இழிவுபடுத்துவதாக உணர்ந்து, எங்கள் மாஸ்டர்களை, அதாவது மூல ஒலிப்பதிவுகளை, எடுத்துக்கொண்டு வெளியேறுகிறோம் என்றார். அப்போதுதான், அந்த மாஸ்டர்கள் ஒரு டாலர் ஈட்டுக்கு முன்பே அட்லாண்டிக்கின் சொத்தாகிவிட்டன என்பது அவருக்குத் தெரிவிக்கப்பட்டது.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். பிரிவுக்குக் காரணம் 1967இன் விற்பனை அல்ல. 1960க்கும் 1965க்கும் இடையில், நாம் பங்காளியா அல்லது சரக்குக் கொடுப்பவரா என்று ஸ்டாக்ஸ் ஒருமுறைகூடக் கேட்டுத் தெளியாததே காரணம். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

---

சிற்றலை எழுதியது:

எனக்கு ஓர் அடிப்படைச் சந்தேகம். விநியோகம் செய்பவர் விநியோகம் மட்டும்தானே செய்வார்? தட்டை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்பவருக்கு அதன் மூல ஒலிப்பதிவு எப்படிச் சொந்தமாகும்? வங்கியில் வேலை பார்த்த ஒருவர் இதைப் படிக்காமலா கையெழுத்திட்டார்?

---

உரிமைப்பத்திரம் எழுதியது:

சிற்றலையின் கேள்வி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. ஒப்பந்த வரைவே என் அன்றாடத் தொழில் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நம் ஊர்த் திரைப்படத் தொழிலில் ஏரியா உரிமை வேறு, நெகட்டிவ் உரிமை வேறு என்பது எல்லோருக்கும் தெரியும். மதுரை - ராமநாதபுரம் ஏரியாவை வாங்கியவர் படத்தை ஓட்டிப் பணம் பார்க்கலாம். நெகட்டிவ் தயாரிப்பாளரிடமே இருக்கும். ஸ்டூவர்ட் தாம் கொடுத்தது ஏரியா உரிமை என்றே கடைசிவரை நம்பினார். தாளில் எழுதப்பட்டிருந்ததோ நெகட்டிவ் உரிமை.

1965 ஒப்பந்தத்தில் நம் விவாதத்துக்கு வேண்டிய ஷரத்துகள் இரண்டு. முதலாவதைக் கேட்டுப் பெற்றவர் ஸ்டூவர்ட். அட்லாண்டிக் என்ற நிறுவனத்தை அவர் நம்பவில்லை. வெக்ஸ்லர் என்ற மனிதரை நம்பினார். ஆகவே, வெக்ஸ்லர் அட்லாண்டிக்கை விட்டு விலகினாலோ தம் பங்குகளை விற்றாலோ ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை ஸ்டாக்ஸுக்கு உண்டு என்று எழுதச் சொன்னார். முக்கிய நபர் ஷரத்து என்று நாங்கள் சொல்வது இதைத்தான். நல்ல ஷரத்து, முன்யோசனையோடு கேட்கப்பட்டது. 1967இல் வெக்ஸ்லர் பங்கை விற்றதும் அது உயிர்பெற்றது.

இரண்டாவது ஷரத்தை எழுதியவர்கள் அட்லாண்டிக்கின் வழக்கறிஞர்கள். ஸ்டாக்ஸ் ஒலிப்பதிவு செய்து அட்லாண்டிக் வெளியிடும் ஒவ்வொரு மாஸ்டரின் முழு உரிமையும், மறுவெளியீட்டு உரிமை உட்பட, ஒரு டாலர் ஈட்டாக அட்லாண்டிக்குக்கு மாற்றித்தரப்படுகிறது என்பது அதன் சாரம். ஒரு டாலர் என்பதைக் கண்டு பலர் கொதிக்கிறார்கள். அதில் கொதிப்பதற்கு ஒன்றுமில்லை. ஈடு இல்லாத ஒப்பந்தம் செல்லாது என்பதால் பெயரளவுக்கு ஒரு தொகையைக் குறிப்பிடுவது அந்நாட்டு வழக்கம். கொதிக்க வேண்டியது முழு உரிமை என்ற சொல்லைக் கண்டுதான்.

இரண்டு ஷரத்துகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதலாவது கதவைத் திறந்துவிடுகிறது. போகும்போது எதையும் எடுத்துச் செல்ல முடியாது என்கிறது இரண்டாவது. விலகும் உரிமையை எழுதும் வழக்கறிஞர், விலகும் நாளில் யாரிடம் என்ன இருக்கும் என்று அடுத்த பத்தியிலேயே எழுதியிருக்க வேண்டும். ஸ்டூவர்ட்டுக்கு அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லை. அவர் தாளை முழுவதும் படிக்கவுமில்லை. கேட்டது கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில் கையெழுத்திடுபவர்களை இன்றும் வாரந்தோறும் சந்திக்கிறேன்.

---

தெற்குவாசல் எழுதியது:

அட்லாண்டிக்கின் பக்கம் நின்று பேச ஒருவராவது வேண்டும் என்பதால் நான் பேசுகிறேன்.

இந்த எட்டு ஆண்டுகளில் அட்லாண்டிக் தட்டு விற்றதோடு நின்றுவிடவில்லை. மெம்ஃபிஸில் கருவி பழுதானபோது, அதைச் சரிசெய்ய நியூயார்க்கிலிருந்து வந்தவர் அட்லாண்டிக்கின் ஒலிப்பொறியாளர் டாம் டௌட். ஒற்றைத் தடத்தில் பதிந்துகொண்டிருந்த ஸ்டுடியோவை அடுத்தடுத்து இரண்டு தடத்துக்கும் நான்கு தடத்துக்கும் உயர்த்தியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1965இல் விளம்பரப் பொறுப்புக்கு ஆல் பெல்லை ஸ்டாக்ஸ் அமர்த்தியபோது, அவருடைய சம்பளத்தில் ஒரு பகுதியை அட்லாண்டிக் ஏற்றுக்கொண்டது. சாம் அண்ட் டேவ் என்ற பாடகர் இணையை வெக்ஸ்லர் தம் நிறுவனத்தில் ஒப்பந்தம் செய்துவிட்டு, மெம்ஃபிஸின் ஒலிதான் இவர்களுக்குப் பொருந்தும் என்று ஸ்டாக்ஸுக்கு அனுப்பிவைத்தார். ஐசக் ஹேஸும் டேவிட் போர்ட்டரும் எழுதிய பாடல்கள் அவர்களை உச்சத்துக்குக் கொண்டுசென்றன. ஸ்டாக்ஸும் அதனால் வளர்ந்தது.

உறவு கசந்ததற்கு மெம்ஃபிஸ்காரர்களும் காரணம். 1965இல் பாடகர் வில்சன் பிக்கெட்டை வெக்ஸ்லர் அங்கே அழைத்துச் சென்றார். அந்த அமர்வுகளில் பிறந்தவை பெரும் வெற்றி பெற்றன. அந்த ஆண்டு முடிவதற்குள், வெளியார் பாடகர்களுக்கு இனி இடமில்லை என்று ஸ்டூவர்ட் ஸ்டுடியோக் கதவை மூடிவிட்டார். தம் இசைக்கலைஞர்கள் தமக்கு வருமானம் தராத தட்டுகளுக்கு உழைக்கிறார்கள் என்ற அவருடைய எண்ணத்தில் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு பங்காளி இன்னொரு பங்காளியிடம் இப்படி நடந்துகொண்டால், அவர் வேறு இடம் தேடத்தானே செய்வார்? வெக்ஸ்லர் அலபாமாவின் மஸ்ல் ஷோல்ஸுக்குப் போனார். பிக்கெட்டின் அடுத்த வெற்றிகள் அங்கே உருவாயின.

இரண்டாவது ஷரத்தைப் பற்றி, அது தமக்கே தெரியாமல் வழக்கறிஞர்கள் சேர்த்தது என்று வெக்ஸ்லர் பிற்காலத்தில் கூறினார். மாஸ்டர்களைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தாம் கேட்டுக்கொண்டதாகவும், புதிய முதலாளிகள் மறுத்துவிட்டதாகவும் சொன்னார். 1967 விற்பனையில் அவரும் எர்டெகன் சகோதரர்களும் கம்பெனியை மலிவாகக் கொடுத்துவிட்டார்கள் என்பது பிறகு அவரே ஒப்புக்கொண்டது. ஆக, அந்தப் பேரத்தில் அவர் பெரிய தந்திரக்காரராகத் தெரியவில்லை.

---

பழையதட்டு எழுதியது:

தெற்குவாசல் அவர்களுக்கு, வாதத்துக்கு நன்றி. டௌட் பற்றிய பகுதியை அப்படியே ஏற்கிறேன். அவர் இல்லாமல் அந்த ஒலி நமக்கு இவ்வளவு தெளிவாகக் கிடைத்திருக்காது.

மற்றதை ஏற்க முடியவில்லை. ஒரு நிறுவனத்தின் இணை உரிமையாளர், தம் கையால் நடந்த மிக முக்கியமான விநியோக ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தமக்குத் தெரியாது என்கிறார். ஸ்டூவர்ட் படிக்கவில்லை என்பதை அறியாமை என்று சொல்லத் தயங்காத நாம், வெக்ஸ்லர் படிக்கவில்லை என்பதை மட்டும் ஏன் தூய்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறோம்? ஒருவருடைய அறியாமை அவருடைய சொத்தைப் பறித்தது. மற்றவருடைய அறியாமை அவருடைய நிறுவனத்துக்குச் சொத்தைச் சேர்த்தது. தெரியாமல் நடந்தது என்றே வைத்துக்கொண்டாலும், நிறுவனத்தை விற்பதற்கு முன் அதன் சொத்துப் பட்டியலில் ஸ்டாக்ஸ் மாஸ்டர்கள் இடம்பெற்றிருப்பதைப் பார்க்காமலா 1.75 கோடி டாலருக்கு விலை பேசினார்கள்?

1960இல் கார்லா தாமஸின் தட்டு கைமாறிய விதத்தை மறந்துவிடக் கூடாது. ஒரு பாட்டுக்கு என்று பேசி, பிறகு எல்லாவற்றுக்கும் என்று பொருள்கொள்ளும் பழக்கம் அன்றே தொடங்கிவிட்டது. அதே வித்தையைத்தான் 1965இல் வழக்கறிஞரை வைத்து ஒழுங்காக எழுதிக்கொண்டார்கள்.

---

சிற்றலை எழுதியது:

அப்படியானால் 1960லேயே சூடு பட்ட ஸ்டூவர்ட், ஐந்து ஆண்டுகள் கழித்தாவது ஒரு வக்கீலைப் பிடித்திருக்க வேண்டாமா? நீங்கள் எழுதுவதே உங்கள் வாதத்துக்கு எதிராக நிற்கிறது, ஐயா.

---

பழையதட்டு எழுதியது:

எதிராக நிற்கவில்லை. அவர் பொறுப்பேற்க வேண்டியவர் என்றுதான் முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறேன். பொறுப்பு ஒருவருடையது மட்டும் அல்ல என்பதே என் கட்சி.

---

ராகமாலிகை எழுதியது:

எல்லோரும் ஷரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். பிரிவு எந்தச் சூழலில் நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஸ்டாக்ஸிடம் பேரம் பேசும் வலு எவ்வளவு மிச்சமிருந்தது என்பதை அதுதான் தீர்மானித்தது.

1967 டிசம்பர் 10 அன்று விஸ்கான்சின் மாநிலத்தின் மொனோனா ஏரியில் விமானம் விழுந்து ஓடிஸ் ரெட்டிங் இறந்தார். அவருக்குப் பக்கவாத்தியம் வாசித்த பார்-கேஸ் குழுவைச் சேர்ந்த நான்கு இளைஞர்களும் அதே விமானத்தில் மாண்டார்கள். எக்காளம் வாசித்த பென் காலி ஒருவர் மட்டும் உயிர் பிழைத்தார். குழுவில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் அலெக்ஸாண்டர் அந்த விமானத்தில் ஏறவில்லை. ஸ்டாக்ஸின் முதன்மைப் பாடகரும், அடுத்த தலைமுறைக்கென்று வளர்த்த குழுவும் ஒரே நாளில் போய்விட்டார்கள். இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் ஓடிஸ் பாடிவைத்திருந்த பாட்டை ஸ்டாக்ஸின் கிடார் கலைஞர் ஸ்டீவ் கிராப்பர் அந்தத் துக்கத்தோடு உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார். அது 1968 மார்ச்சில் நாட்டின் முதலிடத்தைப் பிடித்தது. முதலிடத்தைப் பிடித்த அந்த மாஸ்டரும் ஸ்டாக்ஸுடையதல்ல.

அதே சமயத்தில் சாம் அண்ட் டேவ் அட்லாண்டிக்குக்குத் திரும்ப வேண்டியிருந்தது, ஏனென்றால் அவர்கள் இரவலாக வந்தவர்கள். தெற்குவாசல் அதை வெக்ஸ்லரின் பெருந்தன்மையாக எழுதியிருக்கிறார். இரவல் கொடுத்ததை ஒப்பந்தம் முறிந்ததும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்ற மறுபாதியை விட்டுவிட்டார். மெம்ஃபிஸை விட்டுப் போன பிறகு அந்த இணைக்கு அதற்கு நிகரான வெற்றி ஒன்றும் கிட்டவில்லை என்பதால், இதில் பயன்பட்டவர் யாருமில்லை.

1968 ஏப்ரல் 4 அன்று அதே மெம்ஃபிஸில், லொரெய்ன் மோட்டலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஸ்டாக்ஸ்காரர்களுக்கு அது வெறும் செய்தியில் வந்த இடமன்று. வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட இடம் கிடைக்காத ஊரில், இரு நிறத்தாரும் கலந்து பழகிய விடுதி அது. கிராப்பரும் பாடகர் எடி ஃபிளாய்டும் அங்கே அறை எடுத்துப் பாட்டு எழுதியிருக்கிறார்கள். மேளத்துக்கும் ஆர்கனுக்கும் ஆல் ஜாக்சனும் புக்கர் டி. ஜோன்ஸும், கிடாருக்கும் பேஸுக்கும் கிராப்பரும் டொனால்ட் டன்னும் என்று இரு நிறத்தாரும் சரிபாதியாக இருந்த குழு ஸ்டாக்ஸின் முதுகெலும்பு. கொலைக்குப் பிறகு அந்தத் தெருவில் பழைய இயல்பு திரும்பவில்லை.

இத்தனையும் ஐந்து மாதத்துக்குள். மாஸ்டர் இல்லை, ஓடிஸ் இல்லை, சாம் அண்ட் டேவ் இல்லை, ஊரில் அமைதி இல்லை. 1968 மே மாத இறுதியில் கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் என்ற பெருநிறுவனத்துக்கு ஸ்டாக்ஸை விற்க ஸ்டூவர்ட் சம்மதித்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

---

தெற்குவாசல் எழுதியது:

தோழி ராகமாலிகை சொன்ன இரவல் கணக்கு நியாயமானது, ஏற்கிறேன். ஆயினும், இரவலாக வந்த பாடகரை நம்பித் தொழிலை வளர்ப்பது யாருடைய முடிவு என்ற கேள்வி இருக்கத்தான் செய்கிறது.

வேறொன்றைக் கேட்கிறேன். அநியாயம் என்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்தால், நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாமே? அமெரிக்காவில் பல ஆண்டுகள் கழித்துக் கலைஞர்கள் உரிமையைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வழி இருப்பதாகப் படித்திருக்கிறேன்.

---

உரிமைப்பத்திரம் எழுதியது:

இரண்டும் தனித்தனிக் கேள்விகள்.

முதலாவது: கையெழுத்திட்டவர் படிக்கவில்லை என்பது பொதுவாக எந்த நாட்டு நீதிமன்றத்திலும் எடுபடாது. ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று நிரூபிக்க வேண்டும். அதற்குப் பொய்யான ஒரு கூற்று, அதை நம்பிச் செயல்பட்டதற்கான ஆதாரம் எல்லாம் வேண்டும். வெக்ஸ்லர் பொய் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லவே இல்லை. வயது வந்த ஒரு வியாபாரி தம் முன்னால் வைக்கப்பட்ட தாளைப் படித்திருக்க வேண்டும் என்றுதான் நீதிபதி சொல்லியிருப்பார்.

இரண்டாவது: பதிப்புரிமையைக் கைமாற்றிக் கொடுத்தவர் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அதை முறித்துத் திரும்பப் பெறும் வழி அமெரிக்கச் சட்டத்தில் உண்டு. 1978 முதல் செய்யப்பட்ட மாற்றங்களுக்கு அது பொதுவாக 35 ஆண்டுகள். ஆனால் ஒலிப்பதிவுகளுக்கு அந்நாட்டு மத்தியச் சட்டத்தின் பதிப்புரிமை கிடைத்ததே 1972 பிப்ரவரி 15 முதல்தான். அதற்கு முந்தையவை அந்தந்த மாநிலச் சட்டத்தின் கீழ் இருந்தன. பாட்டை எழுதியவருக்கு இருக்கும் வழி, பாட்டைப் பதிந்தவருக்கு இல்லாமல் போனது இதனால்தான். 2018இல் நிறைவேறிய இசை நவீனமயச் சட்டம் இந்தப் பழைய பதிவுகளுக்கும் மத்தியப் பாதுகாப்பைக் கொடுத்தது. ஸ்டாக்ஸின் அறுபதுகளின் பதிவுகளுக்கு அது 2067 பிப்ரவரி 15 வரை நீடிக்கும். அந்தப் பாதுகாப்பு உரிமையை வைத்திருப்பவருக்குத்தான் போய்ச் சேருகிறது. 1965இல் ஒரு டாலருக்குப் போனதை மீட்கும் வழியை அது திறக்கவில்லை.

இதனோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். பாட்டின் பதிப்புரிமை வேறு, பாட்டின் ஒலிப்பதிவு வேறு. ஈஸ்ட் மெம்ஃபிஸ் மியூசிக் என்ற பதிப்பு நிறுவனம் ஸ்டாக்ஸிடமே இருந்தது. 1968க்குப் பிறகு அவர்கள் முற்றிலும் வெறுங்கையோடு நிற்கவில்லை. ஆனால் கடையில் வைத்து விற்க ஒரு பழைய தட்டுகூட அவர்களிடம் இல்லை.

---

பழையதட்டு எழுதியது:

விற்க ஒரு பழைய தட்டுகூட இல்லை என்பதை அப்படியே பொருள்கொள்ள வேண்டும். இசைத்தட்டு நிறுவனத்துக்கு மாதாந்தர வருமானம் பழைய சரக்கிலிருந்து வருவது. புதிய தட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும், சம்பளத்துக்கும் வாடகைக்கும் அது கைகொடுக்கும். அதை இழந்த ஆல் பெல் என்ன செய்தார் தெரியுமா? பழைய சரக்கு இல்லையென்றால் ஒரே மூச்சில் புதிய சரக்கை உண்டாக்கிவிடுவது என்று முடிவெடுத்து, 1969இன் நடுவில் 27 ஆல்பங்களை ஒன்றாக வெளியிட்டார். பைத்தியக்காரத்தனம் என்றுதான் எவருக்கும் தோன்றும். அவற்றுள் ஒன்று, நான்கே பாடல்கள் கொண்ட ஐசக் ஹேஸின் ஆல்பம். எண்ணிக்கையை நிரப்பச் சேர்த்ததுபோல் இருந்த அதுதான் பெரும் விற்பனை கண்டு நிறுவனத்தின் திசையையே மாற்றியது. அதற்கு முன்பே 1968இன் பிற்பகுதியில் ஜானி டெய்லரின் தட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்று, அட்லாண்டிக் இல்லாமலும் ஸ்டாக்ஸ் நிற்கும் என்பதைக் காட்டியிருந்தது. 1970இல் ஸ்டூவர்ட்டும் பெல்லும் கல்ஃப் அண்ட் வெஸ்டர்னிடமிருந்து நிறுவனத்தைத் திரும்ப வாங்கினார்கள். எஸ்டெல் அதற்கு முந்தைய ஆண்டே விலகிவிட்டார். வீட்டை அடமானம் வைத்தவர் அவர் என்பதை இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

இனி நான் சொல்லவிருப்பது தெற்குவாசலுக்குப் பிடிக்கும். 1972இல் ஸ்டூவர்ட் தம் பங்கைப் பெல்லுக்கு விற்றார். அதே ஆண்டு அக்டோபரில், பெல் சிபிஎஸ் இசைத்தட்டு நிறுவனத்தோடு விநியோக ஒப்பந்தம் செய்துகொண்டார். அங்கே அவர் நம்பியது சிபிஎஸ்ஸை அல்ல, அதன் தலைவராக இருந்த கிளைவ் டேவிஸை. 1973 மே மாதத்தில் டேவிஸ் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அதன் பிறகு வந்தவர்களுக்கு ஸ்டாக்ஸின் மேல் அக்கறை இல்லை. தட்டுகள் கடைகளுக்குச் சரியாகப் போகவில்லை, பணமும் தாமதமானது, ஒப்பந்தத்திலிருந்து விடுபடவும் முடியவில்லை. முதல் முறிவில் வெக்ஸ்லர், இரண்டாவதில் டேவிஸ். நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு மனிதரை நம்பும் பழக்கம் ஸ்டூவர்ட்டோடு போகவில்லை.

கடன் கொடுத்த யூனியன் பிளாண்டர்ஸ் வங்கி ஒருபுறம் நெருக்க, 1975 டிசம்பர் 19 அன்று நீதிமன்ற ஆணையோடு வந்து ஸ்டாக்ஸின் கதவை மூடினார்கள். வங்கியை ஏமாற்றியதாகப் பெல்லின் மேல் தொடுக்கப்பட்ட வழக்கில் அவர் 1976இல் விடுவிக்கப்பட்டார். ஒரு காலத்தில் எஸ்டெல் ஆக்ஸ்டன் வேலை பார்த்ததும் அதே யூனியன் பிளாண்டர்ஸ் வங்கியில்தான்.

---

தெற்குவாசல் எழுதியது:

பிடிக்கத்தான் செய்கிறது. இரண்டு முறை, இரண்டு வேறு நிறுவனங்களோடு, ஏறத்தாழ ஒரே காரணத்தால் முறிந்தது என்றால், குற்றத்தை முழுவதும் அட்லாண்டிக்கின் தலையில் வைப்பது கூடாது என்ற என் நிலையை நீங்களே உறுதிசெய்திருக்கிறீர்கள்.

---

ராகமாலிகை எழுதியது:

உறுதிசெய்யவில்லை என்றே நினைக்கிறேன். சிபிஎஸ்ஸோடு முறிந்தபோது ஸ்டாக்ஸ் தன் மாஸ்டர்களை இழந்தது கடனால். அட்லாண்டிக்கிடம் இழந்தது கையெழுத்தால். கடன்பட்டவர் சொத்தை இழப்பது எங்கும் நடப்பது. சேர்ந்து தொழில் செய்த காலத்தில் உண்டாக்கியது அத்தனையும், தொழில் நன்றாக நடந்துகொண்டிருந்தபோதே ஒருவர் பக்கம் சேர்ந்துவிட்டது என்பது வேறு வகை.

---

சிற்றலை எழுதியது:

இப்போது யாரிடம் எது இருக்கிறது? ஓடிஸ் ரெட்டிங்கின் தட்டு ஒன்று வாங்க விரும்புகிறேன். கடையில் ஒன்றில் வோல்ட் என்றும் இன்னொன்றில் ஆட்கோ என்றும் போட்டிருக்கிறது.

---

பழையதட்டு எழுதியது:

இரண்டும் அசலாகவே இருக்கலாம். வோல்ட் என்பது ஸ்டாக்ஸின் துணைப் பெயர். ஆட்கோ என்பது அட்லாண்டிக்கின் துணைப் பெயர். அவர் இறந்த பிறகு 1968 பிப்ரவரியில் வந்த ஆல்பம் வோல்ட் பெயரில் வந்தது. அதே ஆண்டின் நடுவில் வந்த அடுத்ததும், 1969இலும் 1970இலும் வந்தவையும் ஆட்கோ பெயரில் வந்தன. இடையில் நடந்ததைத்தான் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பக்கத்துக்கு ஒரு பாட்டு கொண்ட ஸ்டாக்ஸின் சிறு தட்டுகளிலும் இதைக் கண்ணால் பார்க்கலாம். பிரிவுக்கு முந்தையவற்றில், தட்டின் நடுவில் ஒட்டிய வெளிர் நீலச் சீட்டில் இசைத்தட்டுகளை அடுக்கிவைத்தது போன்ற சின்னம் இருக்கும். பிந்தையவற்றில் மஞ்சள் சீட்டு. விரலைச் சொடுக்கும் கை. பெயர் ஸ்டாக்ஸிடமே இருந்ததால், அந்தப் பெயரையும் புதிய சின்னத்தையும் வைத்துக்கொண்டு அவர்கள் புதிதாகத் தொடங்கினார்கள்.

உரிமையைப் பொறுத்தவரை, அட்லாண்டிக் வெளியிட்ட 1968 மே வரையிலான பதிவுகள் இன்றும் வார்னர் குழுமத்திடம் இருக்கின்றன. அதற்குப் பிந்தையவை திவாலுக்குப் பிறகு 1977இல் ஃபேன்டஸி நிறுவனத்துக்குப் போய், 2004இல் அதை வாங்கிய கான்கார்டிடம் சேர்ந்தன. அதனால்தான் ஸ்டாக்ஸின் சிறு தட்டுகளை முழுமையாகத் தொகுத்து வெளியிட்டபோது, 1959 முதல் 1968 வரையிலான 244 பாடல்கள் கொண்ட ஒன்பது குறுந்தகடுகளை 1991இல் அட்லாண்டிக் கொண்டுவந்தது. அதன் தொடர்ச்சியான இரண்டு பெட்டிகளை 1993இலும் 1994இலும் கொண்டுவந்தது ஃபேன்டஸி. ஒரே ஸ்டுடியோ, பெரும்பாலும் அதே வாத்தியக்காரர்கள், இரண்டு உரிமையாளர்கள்.

---

உரிமைப்பத்திரம் எழுதியது:

ஒரு சிறு திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷரத்து அட்லாண்டிக் வெளியிட்ட பதிவுகளைக் குறித்தது. அதனால், 1968க்கு முன் பதிந்து அலமாரியில் கிடந்த வெளிவராத பதிவுகளில் கணிசமானவை ஸ்டாக்ஸ் வசமே தங்கின. ஓடிஸின் அத்தகைய பதிவுகளைக் கொண்ட ஓர் ஆல்பம் 1992இல் ஸ்டாக்ஸ் பெயரில் ஃபேன்டஸியிடமிருந்து வந்தது. அட்லாண்டிக் வேண்டாம் என்று ஒதுக்கியதும், ஸ்டாக்ஸே சரியில்லை என்று தள்ளிவைத்ததும்தான் கடைசியில் ஸ்டாக்ஸின் கணக்கில் மிஞ்சின. சிற்றலை, வாங்குவதானால் முதலில் வோல்ட் பெயரில் வந்த தட்டுகளைத் தேடுங்கள். அந்த 1992 ஆல்பத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.